முதற் சாடி வடித்த துணி குறித்துக் கார்வரைக் கோமானுக்கு விடுத்த ஓலை

ஏர் வாழ்க. நீர் வாழ்க. இரண்டையும் காக்கும் செங்கோல் வாழ்க.

ஏழு ஏரிகளுக்கும் மதகு திறக்கும் உரிமை பூண்டு, செந்நெற்பாடி நாட்டின் மீது வெண்குடை நிழற்றும் ஏர்க்கொடிக் கோமான் இளமருதர் திருவாணையாலும், அவரை ஈன்றவரும், ஆண்டுதோறும் முதல் ஏரைத் தம் திருவாயால் அழைக்கும் உரிமையுடையவருமான நிலந்தாங்கு மாதேவியார் திருவாணையாலும் (இவ்விரண்டில் எது வலியது என்று தங்கள் திருமகளாரைக் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்), திருமந்திர ஓலைநாயகம் பூதன் வெள்ளறையான் எழுதிய ஓலை.

முகில்கள் இளைப்பாறும் முடிகளுக்கும் தேனடைகள் தொங்கும் பாறைகளுக்கும் தலைவரும், எங்கள் கோமானுக்குப் பெண் கொடுத்த பெருமாமனாருமாகிய கார்வரை நாட்டுக் கோமான் கொடுவில் சேந்தனார் திருமுன்பு இவ்வோலை நலமே சென்று சேர்க. தங்கள் புனங்களில் தினைக்கதிர் தலைசாயுமாறு விளைக. யானைக் கூட்டம் அப்புனங்களை மறந்து வேறு வழி செல்க. சுனைகள் கோடையிலும் வற்றாதிருக்க. தங்கள் வில்லின் நாண் என்றும் தளராதிருக்க; ஆயினும் இவ்வோலையைப் படித்து முடிக்கும் வரையிலேனும் அதைச் சற்றே தளர்த்தி வைத்தருள்க.

தாங்கள் வில்லவர் படையுடன் கணவாயில் வந்து தங்கியிருப்பதை அறிந்தோம். தாங்கள் அம்பில் கட்டி விடுத்த ஓலை எங்கள் கோட்டைக் கதவில் தைத்து நின்றது. கதவு நல்ல தேக்கு, ஆதலால் பழுதில்லை. தங்கள் திருமகளார் நறுங்கோதையார் ஊற வைத்த மருந்தைக் குடித்து எங்கள் மாதேவியார் மண்ணில் சாய்ந்தார் என்றும், அக்குற்றத்திற்காக நறுங்கோதையாரை நெற்களஞ்சியத்தில் அடைத்து வைத்திருக்கிறோம் என்றும், அவருடைய முதற் சாடி மாமியார் துணியில் வடிக்கப்படவில்லை என்றும், தேன் விற்க இங்கு வந்து போன தங்கள் நாட்டார் சொன்னதாக அதில் எழுதியிருந்தீர்கள். மகளைத் திருப்பி அனுப்புக, இல்லையேல் போர் என்று முடித்திருந்தீர்கள். இவை ஒவ்வொன்றிலும் சிறிது மெய் இருக்கிறது. அதுதான் தொல்லை. எல்லாம் பொய்யாக இருந்திருந்தால் ஒரே வரியில் மறுத்து எழுதிவிட்டு ஓலைநாயகம் நிம்மதியாகச் சாப்பிடப் போயிருப்பான்.

ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுமாறு ஆணை. இதில் நறுங்கோதையார் மனத்தில் இருந்ததாக வருவனவெல்லாம், இவ்வோலைக்காக அவரே எதிரில் அமர்ந்து, நாணத்தால் பாதியும் சிரிப்பால் பாதியும் விட்டுவிட்டுச் சொன்னவை.

தங்கள் நாட்டு வழக்கத்தைத் தங்களுக்கே விளக்குவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆயினும் இவ்வோலையின் படி எங்கள் அவையிலும் படிக்கப்படும். எங்கள் அவையோருக்கு நெல்லைத் தவிர வேறெதையும் இரண்டு முறை சொன்னால்தான் விளங்கும். மலைநாட்டில் வீட்டுக்கு வீடு மருந்து ஊற வைப்பர். தழைகளை நிழலில் வாட்டி, நறுக்கிச் சாடியில் இட்டு, தேனைப் புளிக்க வைத்துக் காய்ச்சி வடித்த கடுந்தேறலை இலை மூழ்க ஊற்றி, வாயைத் தேன்மெழுகால் அடைத்து, இருட்டில் வைத்து, காலைதோறும் குலுக்குவர். தழையின் சத்தெல்லாம் தேறலில் இறங்கிய பின் வடித்து வைத்துக்கொண்டு, நோய் வந்தபோது வெந்நீரில் சில துளி விட்டுக் கொடுப்பர். புகுந்த வீட்டில் மருமகள் ஊற வைக்கும் முதற் சாடியை, மாமியார் உடுத்திய சேலையில் வடிக்க வேண்டும். அப்படி வடித்தால் அவள் அந்த வீட்டு மகள். வேறு துணியில் வடித்தால் அவள் வெறும் விருந்தாளி. பிறந்த வீட்டார் எப்போது வேண்டுமானாலும் வந்து அழைத்துப் போகலாம், யாரும் தடுக்க இயலாது.

எங்கள் நாட்டு வழக்கமோ இதற்கு நேர் எதிர். அரசியார் உடுத்திய துணி இன்னொருவர் கையில் சேரலாகாது. உடுத்துக் கழித்தவை தீக்குப் போகும். ஏர்க்குரல் நாளில் உடுத்திய சேலை அன்றே ஆற்றுக்குப் போகும். ஆற்றில் விட்டதை எடுத்தவருக்குத் தண்டனையும் உண்டு. இது எதற்காக ஏற்பட்டது என்று இந்நாட்டில் யாருக்கும் தெரியாது. ஆதலால்தான் இதுவரை யாரும் இதை மாற்றவில்லை.

நறுங்கோதையார் இங்கு வந்த சில நாட்களிலேயே சாடியைத் தொடங்கிவிட்டார். வாய்க்கால் கரையிலிருந்து ஆடாதோடை இலை பறித்தார். அரண்மனை வேலியில் படர்ந்திருந்த தூதுவளையைத் தோட்டக்காரர்கள் களை என்று பிடுங்கிக்கொண்டிருந்தபோது ஓடிப்போய்த் தடுத்து அள்ளி வந்தார். திப்பிலியும் அதிமதுரமும் மடைப்பள்ளியில் கிடைத்தன. தேறல் மட்டும் தாங்கள் சீர்வரிசையில் கொடுத்தது. ஒரு துளியை விளக்குத்திரியில் விட்டால் நீலமாக எரிகிறது, அத்தனை வீரியம். இருட்டான இடம் தேடிச் சுற்றியவர், நெற்களஞ்சியத்தின் பெரிய குதிருக்குப் பின்னால் சாடியை வைத்துச் சாக்கால் மூடினார். தங்கள் மகளார் களஞ்சியத்தில் இருந்தார் என்ற செய்தியின் மெய் இவ்வளவே. நாள்தோறும் காலையில் போவார், சாடியைக் குலுக்குவார், திரும்பி வருவார். யாரும் அடைக்கவில்லை.

அங்கும் ஒரு வேடிக்கை நடந்தது. இளவரசியாய் வந்தவர் விடிந்ததும் விடியாததுமாகக் குளித்துவிட்டு, ஈரக் கூந்தலோடு களஞ்சியத்துக்குள் நுழைந்து, ஒரு சாடியை மார்போடு அணைத்துக் குலுக்கி, அதனோடு இரண்டு வார்த்தையும் பேசிவிட்டு வருவதைப் பணிப்பெண்கள் பார்த்தார்கள். மலைநாட்டுக் குலதெய்வம் சாடியில் எழுந்தருளியிருக்கிறது என்று முடிவு கட்டினார்கள். ஒரு காலையில் நறுங்கோதையார் சாக்கை விலக்கியபோது சாடிக்கு மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, செவ்வரளி மாலையும் சூட்டியிருந்தது. மறுவாரம் மடைப்பள்ளித் தலைவியின் மகளுக்கு வரன் அமைந்தது. சாடியம்மன் அருள் என்று பேச்சு பரவி, களஞ்சியத்தின் வாசலில் தேங்காயோடு வரிசை நின்றது. அது மருந்து என்று நறுங்கோதையார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நம்பிக்கையுள்ளவர்கள் இப்படித்தான் அடக்கமாகச் சொல்வார்கள் என்று அவர்கள் இன்னும் பக்தியாகக் கும்பிட்டார்கள்.

இவ்வளவு கலகலப்புக்கும் நடுவில் அவர் மனத்தில் ஒரு முள் இருந்தது. சேலைக்கு என்ன செய்வது? எங்கள் வழக்கத்தைப் பணிப்பெண்கள் சொல்லக் கேட்ட அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லையாம். கோமானிடம் சொல்லியிருக்கலாம், ஆனால் கோமானுக்குத் தம் அன்னையாரிடம் எதையும் மறைக்கத் தெரியாது, முகமே காட்டிக்கொடுத்துவிடும். மாமியாரிடமே கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டு, நாட்டு விதி இடம் தராது என்று அவர் மறுத்துவிட்டால், அதன் பிறகு இந்த வீட்டில் எந்த முகத்தோடு நடமாடுவது என்று தயங்கினார். கோமான் மீது அன்பு. இந்த வயல்வெளி மீதும், தம்மை ஒரு சொல்லும் கடிந்து பேசாத, ஆனால் அதிகம் பேசவும் பேசாத அந்தப் பெரிய மாமியார் மீதும் அன்பு. திரும்பிப் போக அவருக்குச் சிறிதும் விருப்பமில்லை. ஆகவே வடிக்காமலே நாளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஊறுவது மேலும் ஊறட்டும், கெட்டா போய்விடும் என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அப்போதுதான் மாதேவியாரின் தொண்டை கட்டியது.

இதன் கனத்தைத் தாங்கள் உணர வேண்டும். ஏர்க்குரல் நாளில் அரசனின் அன்னை வயலின் தலைமாட்டில் நின்று முதல் ஏரைக் குரல் கொடுத்து அழைப்பார். அக்குரல் கேட்ட பிறகே நாட்டில் ஏர் பூட்டுவர். குரல் எழாவிட்டால் அவ்வுரிமை கீழைமாளிகைக்குப் போய்விடும், போனால் திரும்பாது. கீழைமாளிகையில் இருப்பவர் மாதேவியாரின் ஓர்ப்படியாள் பொற்றொடியார். அவர் நல்லவர்தான். ஆனால் மாதேவியார் இருமிய செய்தி போன நாளிலிருந்து அவர் உப்புநீரில் வாய் கொப்பளிக்கும் ஓசை தெருவரைக்கும் கேட்டது. அரண்மனை மருத்துவர் ஆத்திரையர் பனங்கற்கண்டு கொடுத்தார், மிளகுப் பால் கொடுத்தார், பேசாதிருக்கும்படி வேண்டினார். பேசாதிருந்ததுதான் மாதேவியாருக்கு நோயைவிடக் கொடுமையாக இருந்தது. ஏர்க்குரல் நாளுக்கு முந்திய பகலில் அவர் வாயைத் திறந்தால் காற்று மட்டுமே வந்தது. கண்ணில் நீர் நிறைந்ததை நறுங்கோதையார் பார்த்துவிட்டார்.

பார்த்தவர் நேரே களஞ்சியத்துக்குப் போனார். தொண்டைக்கும் இருமலுக்கும் என்றே ஊற வைத்த சாடி அங்கே இருக்கிறது. வடித்தால் மாமியாருக்குக் குரல் வரும். வேறு துணியில் வடிப்பதால் தமக்கு அந்த வீடு போகும். சாடியின் முன்னால் அவர் வெகுநேரம் உட்கார்ந்திருக்கவில்லை என்பதை இவ்வோலை எழுதுவோன் கேட்டறிந்தான். ஏன் என்று கேட்டபோது, அத்தை அழுததைப் பார்த்த பிறகு யோசிக்க என்ன இருக்கிறது என்று திருப்பிக் கேட்டார். தம் மேலாடையின் ஓரத்தைக் கிழித்தார். மெழுகை உடைத்தார். ஒரு கிண்ணம் நிறைய மட்டும் சாய்த்து அத்துணியில் வடித்தார். மீதித் தழையும் தேறலும் சாடியிலேயே கிடக்க, மறுபடி மூடி வைத்தார். அதன் பிறகுதான் அழுதாராம், அதுவும் வாசலில் தேங்காயோடு நின்றவர்கள் கேட்டுவிடாதபடி.

ஏர்க்குரல் நாள் காலை. மாதேவியார் நீராடி, ஏர்க்குரலுக்குரிய மஞ்சள் பருத்திச் சேலை உடுத்து அமர்ந்திருக்க, நறுங்கோதையார் அக்கிண்ணத்தை இரு கைகளிலும் ஏந்தி வந்தார். அதன் நிறத்தையும் மணத்தையும் காட்டிவிட்டு, மயிலிறகின் காம்பால் சில துளிகளை எடுத்து வெந்நீரில் விட்டுத் தருவது அவர் எண்ணம். கிண்ணத்தை மாமியார் கையில் கொடுத்தார். வெந்நீர் கொண்டுவர உள்ளே திரும்பினார்.

இங்கேதான் எங்கள் வழக்கம் குறுக்கே புகுந்தது. செந்நெற்பாடியில் மருமகள் இரு கையாலும் ஏந்திக் கொடுத்த கலத்தில் மாமியார் ஒரு துளியும் மிச்சம் வைக்கக் கூடாது. மிச்சம் வைத்தால், உன் கைப்பாகம் எங்களுக்கு ஒவ்வாது என்று ஊரறியச் சொன்னதாகப் பொருள். மாதேவியார் கிண்ணத்தைப் பார்த்தார். பாசி படிந்த குளம் போலக் கரும்பச்சையாக இருந்தது. மோந்தார், கண்ணில் நீர் வந்தது. ஆயினும் மலையிலிருந்து வந்த பெண், தானாக ஒன்றைச் செய்து முதன்முதலாக ஏந்திக் கொண்டுவந்திருக்கிறாள், அவள் மனம் நோகலாகாது என்று, கண்ணை மூடிக்கொண்டு அடிவரை குடித்தருளினார். ஒரு குடும்பம் ஓராண்டு முழுதும் இருமலுக்கு வைத்துக்கொள்ளும் மருந்து அது.

நறுங்கோதையார் வெந்நீரோடும் மயிலிறகோடும் திரும்பி வந்தார். வெறுங்கிண்ணத்தைக் கண்டு, வெந்நீரைக் கீழே போட்டார். அதைத் துளித்துளியாகக் கொடுக்க வேண்டும் என்று தெரிவித்தார். அதற்கு மாதேவியார் தெளிவான, உரத்த, மணியோசை போன்ற குரலில் மறுமொழி அருளினார். அதை அரசமொழியில் மாற்றினால் சுவை கெடும் ஆதலால் அப்படியே தருகிறோம்: "நல்லாத்தாம்மா இருந்துச்சு. கொஞ்சம் காரம். இன்னொரு கிண்ணம் இருக்கா?"

குரல் வந்துவிட்டது. அரண்மனையே ஆரவாரம் செய்தது. குரலோடு வேறு ஒன்றும் சேர்ந்து வந்துகொண்டிருந்ததை நறுங்கோதையாரும் ஆத்திரையரும் மட்டுமே அறிந்தனர். ஆத்திரையர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, நாடி நன்றாக இருக்கிறது, சற்று நடனமாடுகிறது என்றார். பல்லக்கு புறப்பட்டுவிட்டது. தடுக்க வழியில்லை.

வயலில் திரண்ட மக்கள் முன்பு மாதேவியார் எழுந்து நின்று ஏரை அழைத்தார். கோட்டை மதிலில் இருந்த புறாக்கள் பறந்தன. ஏழாவது ஏரியின் மதகுக்காரன் அங்கிருந்தே கேட்டதாகச் சத்தியம் செய்கிறான். இந்நாட்டில் இப்படியொரு ஏர்க்குரலை யாரும் கேட்டதில்லை. வழக்கப்படி அத்துடன் அமர வேண்டும். அவர் அமரவில்லை.

ஏர்க்குரல் மேடையில் நின்று சொல்வது எதுவாயினும் அது ஆணை என்பதும், வந்த சொல்லை வந்தபடியே ஓலையில் பதிக்க வேண்டும், ஓர் எழுத்தும் திருத்தலாகாது என்பதும் எங்கள் சட்டம். எழுதுகோலைப் பிடித்திருந்த இந்த ஓலைநாயகத்தின் கை அன்று பட்ட பாடு கொஞ்சமல்ல. முதலில், பூட்டியிருந்த காளைகளுக்கு மாதேவியார் பெயர் சூட்டினார். வலத்து மாட்டைப் பண்டார நாயகர் என்றும், இடத்து மாட்டைச் சேனாபதி என்றும் அழைத்து, சேனாபதிதான் சோம்பல் என்றும் அருளினார். காளைகளுக்கு அப்பெயர்கள் இன்று வரை செல்லும். அப்பெயர்களுக்கு உரிய கருவூலத் தலைவரும் படைத்தலைவரும் வயல் பக்கம் போவதை நிறுத்திவிட்டார்கள். அடுத்துக் கூட்டத்தில் முகம் வாடி நின்ற ஓர்ப்படியாளைக் கண்டார். "பொற்றொடி, வாய் கொப்பளிச்சது போதும்டி. வாடி, வந்து எம்பக்கத்துல உக்காந்து வெத்தலை போடு" என்றார். பொற்றொடியார் முதலில் சிவந்து, பிறகு சிரித்து, மேடையேறிப் பக்கத்தில் அமர்ந்தார். அவர்கள் இருவரும் ஒரே பாயில் அமர்ந்ததை இந்நாடு நெடுங்காலமாகக் கண்டதில்லை.

பிறகு தங்கள் மகளாரைக் கைகாட்டி அழைத்தார். நறுங்கோதையார் உயிர் பாதியாக மேடைக்கு வந்தார். மாதேவியார் அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "இந்தப் புள்ளை நம்ம வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை வாய் தொறந்து எதுவும் கேக்கலே. ஏன் கேக்கலே? கேக்கறவதான் பொண்ணு. கேக்காம இருந்தா அவ விருந்தாளி. நாளைக்கு இவ என்ன கேட்டாலும் குடுக்கணும், சொல்லிட்டேன்" என்றார். சொன்னவர் புதிதாக உழுத சாலில் அப்படியே சாய்ந்து, ஈர மண்ணில் கன்னத்தை வைத்து, குறட்டை விடத் தொடங்கினார். பல்லக்கில் தூக்கிச் சென்றோம். தங்கள் நாட்டுத் தேன் வணிகர்கள் கண்டது இந்தக் கடைசிக் காட்சியை மட்டுமே. குறட்டை கேட்கும் தூரம் வரை வந்திருந்தால் தங்களுக்கு இந்தப் பயணம் மிச்சமாகியிருக்கும். மேலாடையில் வடித்த செய்தி மட்டும் மெய். கிழிந்த மேலாடையோடு நின்ற தங்கள் மகளாரை அவர்கள் காரணம் கேட்க, பொய் சொல்லத் தெரியாமல் அவரே சொன்னது அது.

மறுநாள் காலை மாதேவியார் தெளிந்து எழுந்தார். தலைவலியைத் தவிர வேறு நோயில்லை, தொண்டையும் தெளிவு. முந்திய நாள் உரைத்தவற்றை அவருக்குப் படித்துக் காட்டும் பணி இந்த ஓலைநாயகத்துக்கு வாய்த்தது. காளைகளின் பெயரைக் கேட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். கடைசி வாக்கைக் கேட்டபோது நிமிர்ந்து, அது சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன் என்று அருளினார்.

அவை கூடியது. நறுங்கோதையார் என்ன கேட்பாரோ என்று ஆளுக்கொரு கவலை. ஏரி ஒன்றைக் கேட்பார் என்று பண்டார நாயகரும், எல்லைக் கோட்டையைக் கேட்பார் என்று சேனாபதியும் வியர்த்துக்கொண்டிருந்தனர். நறுங்கோதையார் தலை குனிந்தபடி அவை நடுவே வந்து நின்றார். கேட்காமல் இருப்பதே பணிவு என்று எண்ணி வாழ்ந்தவர். அந்தப் பணிவே தம்மை விருந்தாளியாக நிறுத்தியிருக்கிறது என்று நேற்றுத்தான் கேட்டிருந்தார். பிறகு நிமிர்ந்து மாமியாரை மட்டும் பார்த்து, "அத்தை, நீங்க உடுத்தின சேலை ஒண்ணு வேணும். பழசு போதும்" என்றார். சொன்னதும் அடக்கி வைத்ததெல்லாம் உடைந்துவிட்டது. சாடியையும், துணியையும், விருந்தாளிக்கும் மகளுக்கும் உள்ள வேற்றுமையையும், மேலாடையைக் கிழித்ததையும் அழுதுகொண்டே சொன்னார். அவையில் பலர் கண்ணைத் துடைத்தனர். எழுதுவோனும் துடைத்தான், ஓலையில் ஈரம் பட்டிருந்தால் பொறுத்தருள்க.

மாதேவியார் சேலை என்று கையை நீட்டினார். பணிப்பெண்கள் வெறும் பெட்டிகளைத் திறந்து காட்டினார்கள். பழைய சேலைகள் அவ்வப்போதே தீக்குப் போனவை. உடுத்தியிருந்தது அன்று காலைதான் மடிப்புப் பிரித்த புதியது. ஏர்க்குரல் சேலையோ முந்திய நாள் மாலையே ஆற்றுக்குப் போய்விட்டது. உடனே குதிரைகள் ஓடின. ஆற்றின் வாளைமடுவுக்கு அப்பால் நாணல் புதரில் அந்த மஞ்சள் சேலை சிக்கிக்கொண்டு நீரோட்டத்தில் வால் ஆட்டிக்கொண்டிருந்தது. கரையில் ஒரு நாடே நின்றது. யார் இறங்குவது? எடுத்தவருக்குத் தண்டனை என்பது சட்டம். கோமான் ஆடையை இறுக்கிக் கட்டினார். அரசனே சட்டத்தை மீறலாமா என்று அமைச்சர்கள் முணுமுணுத்தனர். அப்போது பல்லக்கு வந்து நின்றது. "எஞ்சேலையை நான் எடுக்கறதுக்கு எவன்டா தண்டனை குடுப்பான்?" என்று கேட்டுக்கொண்டே மாதேவியார் ஆற்றில் இறங்கினார். தொண்டை, தொண்டை என்று ஆத்திரையர் கரையில் நின்று கதறினார். இடுப்பளவு நீரில் மாமியார் தடுமாறியபோது பின்னாலேயே குதித்திருந்த மருமகள் தாங்கிப் பிடித்தார். ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, நாணலை விலக்கி, சேலையை உருவிக்கொண்டு, தொப்பலாக நனைந்து இருவரும் கரையேறியபோது எழுந்த ஆரவாரம் தங்கள் கணவாய்க்குக் கேட்டிருந்தால் அதைப் போர் முழக்கம் என்று எண்ண வேண்டா.

அன்று பகலிலேயே வடித்தோம். களஞ்சியத்தின் முன்னால், நல்ல வெளிச்சத்தில், சேலையை உலர்த்தி நாலாக மடித்து, வாயகன்ற பாத்திரத்தின் மேல் விரித்து, சாடியில் மீந்திருந்த தழையையும் தேறலையும் கவிழ்த்தனர். வடிந்தது போக நின்ற தழையைச் சேலைக்குள் பொதிந்து, ஒரு முனையை மாமியாரும் மறுமுனையை மருமகளும் பிடித்து எதிரெதிராக முறுக்கினர். கரும்பச்சைச் சாறு இறங்கியது. மாதேவியார் விரலால் தொட்டு நாவில் வைக்கப் போனபோது, நறுங்கோதையார் பாத்திரத்தை எட்ட நகர்த்தி வைத்துக்கொண்டார். மாமியாரை அதட்டும் உரிமை அவருக்கு அப்போதே வந்துவிட்டதை எல்லாரும் கண்டோம். சிறு வாய்க் குப்பிகளில் ஊற்றியதில் ஒன்று பொற்றொடியாருக்குப் போயிற்று, கொப்பளித்துக் கொப்பளித்து அவருக்குத் தொண்டை புண்ணாகியிருந்தபடியால். சாடியம்மனைக் கழுவிக் கவிழ்த்ததைக் கண்டு மடைப்பள்ளித் தலைவி மட்டும் இன்னும் வருந்துகிறார்.

இனிமேல் வழக்கு ஒன்றுதான். முதலில் வடித்த ஒரு கிண்ணம் மேலாடையில் வடிந்தது. ஆதலால் தம்மை மகள் என்று தாமே சொல்லிக்கொள்ள நறுங்கோதையார் அஞ்சுகிறார். தந்தையார்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்கிறார். மாதேவியாரின் கருத்து வேறு. அவசரத்துக்கு நாலு கதிர் கொய்து குழந்தைக்குக் கஞ்சி வைத்தால் அறுவடை முடிந்ததாக எந்த உழவனும் சொல்ல மாட்டான். களத்தைக் கூட்டிய அன்றுதான் அறுவடை முடிந்தது. அதுபோல் கசடு பிழிந்த துணியே சாடி வடித்த துணி. இன்னொன்றும் அவர் சொல்லச் சொன்னார். தன் வீடு போனாலும் போகட்டும், அத்தைக்குக் குரல் வர வேண்டும் என்று தன் மேலாடையைக் கிழித்தவளை மகள் என்று ஒப்புக்கொள்ள மலைநாட்டுக்கு இன்னொரு துணியும் வேண்டுமா என்று கேட்கச் சொன்னார்.

ஆகவே திருவாணைகள் வருமாறு. அரசியார் உடுத்திய துணியை எரிப்பதும் ஆற்றில் விடுவதும் இன்று முதல் ஒழிந்தன. செந்நெற்பாடியில் எந்த வீட்டு மருமகள் மருந்து வடிக்கத் துணி கேட்டாலும் மாமியார் கொடுக்க வேண்டும்; ஊறியதைச் சில துளிக்கு மேல் கொடுக்கலாகாது, மாமியார் கேட்டாலும். கார்வரைக் கோமான் தம் வில்லவரோடு கீழே இறங்கி வர வேண்டும். வில்களைக் கணவாயிலேயே சாய்த்து வைத்துவிட்டு வர வேண்டும். வரும்போது நல்ல தேறல் இரண்டு குடம் கொண்டுவர வேண்டும். அது மருந்துக்கு மட்டுமே என்று மாதேவியார் தாமே சொல்லி எழுதச் சொன்னார்.

ஏர் முத்திரை இடப்பட்டது. வழக்கமாக ஓலையைச் சுற்றும் பட்டுக்கயிறு இதற்கு இல்லை. சுற்றியிருப்பது மஞ்சள் சேலையின் ஓரம். மாதேவியார் தம் கையால் கிழித்தது, கசடு பிழிந்த கறையோடு இருப்பது. தாங்கள் அதைப் பிரித்து மோந்து பார்த்தால் ஆடாதோடையும் தூதுவளையும் தங்கள் தேறலும் மணக்கும். உற்றுப் பார்த்தால் எதிரெதிராக முறுக்கிய இரண்டு கைகளின் மடிப்பும் தெரியும். ஓலையைப் படித்த பின் தீர்ப்பு எதுவாயினும், மாதேவியார் வாய்மொழியாகச் சொல்லி, எழுத்து மாற்றாமல் எழுதச் சொன்ன கடைசி வரி இது:

"சம்பந்தி, துணியைத் திருப்பி அனுப்ப வேணாம். பொண்ணையும் திருப்பிக் கேக்க வேணாம்."